சரிந்தால்தான் ஓங்கல்

ரொறன்ரோவின் கிழக்கு ஏரிக்கரையில் நிற்கும் ஸ்காபரோ ஓங்கலைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதன் குட்டை ஒரே பார்வையில் உடைத்தவர் ஓர் ஆளுநரின் மனைவி. மேல் கனடாவின் முதல் துணை ஆளுநராக வந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், 1793 ஆகஸ்டில் ஒன்ராறியோ ஏரியின் வடகரையோரமாகப் படகில் போனார். தண்ணீரிலிருந்து நிமிர்ந்து நின்ற அந்த வெளிறிய கரை, இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் கோட்டையைத் தாங்கி நிற்கும் ஸ்காபரோ முனையை நினைவூட்டியது. இங்கே ஒரு கோடை வீடு கட்டி அதற்கு ஸ்காபரோ என்றே பெயர் வைக்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். பெயர் பிறகு ஊருக்கே ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே நாட்குறிப்பில் அவர் இன்னொன்றையும் எழுதி வைத்தார். பார்வைக்குச் சுண்ணாம்புப் பாறை மாதிரித் தெரிந்தாலும் இது வெறும் வெள்ளை மணலாகத்தான் இருக்க வேண்டும் என்று.

அவர்களின் வீட்டு யோசனை பேச்சோடு நின்றது. பின்னால் வந்து விளிம்பில் வீடு கட்டியவர்கள் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் எவ்வளவோ செலவு மிஞ்சியிருக்கும்.

இலங்கையில் புவியியல் படித்தவர்களுக்கு ஓங்கல் என்ற சொல் பழக்கமானது. அலை பாறையின் அடியைக் குடையும், மேலே தொங்கும் பாறை உடைந்து விழும், நிமிர்ந்த சுவர் ஒன்று மிஞ்சும். பரீட்சைக்குப் படம் கீறி அம்புக்குறி போட்டதோடு பலருக்கும் அந்தச் சொல்லின் வேலை முடிந்திருக்கும். மருந்துக்கும் ஒரு மலை இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து புறப்பட்டவர்களில் பெருந்தொகையானோர், 1983க்குப் பிறகு, பெயரிலேயே ஓங்கலைச் சுமக்கும் இந்த ஊரில் வந்து குடியேறியது தற்செயல்தான். ஸ்காபரோவில் பல காலம் இருந்தும் ஏரிக்கரைக்கு இறங்காத நம்மவர்களை எனக்குத் தெரியும். கிங்ஸ்டன் வீதியில் காரில் போகும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ சில தெருக்கள் தள்ளி நிலம் சட்டென்று முடிந்துபோகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

முடிகிற இடம் நீளமானது. மேற்கே நகரக் கடற்கரைப் பகுதியின் விளிம்பிலிருந்து கிழக்கே ஹைலண்ட் ஓடை ஏரியில் விழும் இடம்வரை சுமார் 15 கிலோமீட்டர். மிக உயர்ந்த இடத்தில், தேவாலயக் கோபுரங்கள் போல மணல் ஊசி ஊசியாக நிற்பதால் கதீட்ரல் ப்ளஃப்ஸ் என்று அழைக்கப்படும் பகுதியில், ஏரி மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர்.

அடிவாரத்தில் கிடக்கும் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் செங்கல் போலக் கனக்கும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். ஏரியில் நனைத்தால் சில நிமிடங்களில் உள்ளங்கையில் கூழாகிவிடும். இந்தச் சுவரின் எந்தப் பகுதியும் பாறையாக இறுகவில்லை. பனிக்கட்டியாறுகளும் அவற்றின் விளிம்பில் தேங்கிய ஏரிகளும் விட்டுப்போன களி, வண்டல், மணல், கூழாங்கல் எல்லாம் படுக்கை படுக்கையாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான். நிலவியலாளர்களுக்கு இந்த இடம் ஏன் பொக்கிஷம் என்பதற்கும் அதுவே காரணம். கடைசிப் பனியுகத்தின் கதையை இவ்வளவு தடிமனாக, இவ்வளவு நேராக வெட்டிக் காட்டும் இடங்கள் வட அமெரிக்காவில் அதிகம் இல்லை.

அடியில் இருப்பது ஸ்காபரோ படிவம் என்று பெயர் பெற்ற அடுக்கு. கீழே நீலச் சாம்பல் நிறக் களி, அதற்கு மேல் மணல். ஒரு பெரிய ஆறு ஏரியில் இறங்கும் இடத்தில் கொட்டி வைத்த கழிமுக மண் அது. அந்த ஏரி இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிட மிக உயரத்தில் நின்றது. கிழக்கே சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதால் தண்ணீருக்குப் போக வழி இருக்கவில்லை. களியின் மெல்லிய தாள்களுக்கு நடுவே பாசித் துணுக்குகள், மரச் சிராய்கள், வண்டுகளின் சிறகு மூடிகள் கிடைக்கின்றன. ஜோர்ஜ் ஜெனிங்ஸ் ஹிண்ட் 1870களிலேயே இந்த அடுக்குகளைப் படித்து, இரண்டு பனிக்காலங்களுக்கு இடையில் பனி விலகிய ஒரு காலம் இருந்தது என்று வாதிட்டார். பிறகு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கோல்மன் இந்த அடுக்குகளைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

வண்டுகளின் கதை தனிச் சுவை. அமெரிக்கப் பூச்சியியலாளர் சாமுவேல் ஸ்கடர் இங்கிருந்து எடுத்த சிறகு மூடிகளை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றை அழிந்துபோன இனங்கள் என்று முடிவு கட்டிப் புதுப்பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் அது நியாயமான எண்ணம்தான். இத்தனை பழைய மண்ணில் கிடைத்த பூச்சி இன்னும் உயிரோடு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் பிற்காலத்தில் மறுபடி பார்த்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை இன்றும் வாழும் இனங்களே என்று காட்டினார்கள். குளிர் கூடியபோது தெற்கே வந்தவை, குறைந்தபோது வடக்கே போய்விட்டன. வண்டுகள் அழியவில்லை, இடம் மாறியிருந்தன. அந்த மண் படிந்தபோது இங்கே இன்றையைவிடக் குளிர் அதிகம் என்பதற்கு அவையே சாட்சி.

அதற்கு மேல் வரும் சன்னிபுரூக் என்ற அடுக்கு இன்னொரு வழக்கு. கல்லும் களியுமாகக் கலந்து கிடக்கும் இது, பனிக்கட்டி நேரே மேலே ஏறி உழுது போட்ட மண் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1980களில் நிக்கலஸ் ஐல்ஸ் முதலானோர் இதை மறுத்தார்கள். ஏரியின் அடியில் படிந்த சேற்றில், மேலே மிதந்த பனிப்பாறைகள் உருகும்போது கற்கள் விழுந்ததால் உண்டான கலவை என்றார்கள். வாதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பனி இங்கே தரையில் நின்றதா, தூரத்தில் நின்றதா என்ற கேள்வி அதில்தான் தொங்குகிறது. மேலே தோர்ன்கிளிஃப் படிவத்தின் மணலும் வண்டலும், உச்சியில் கடைசிப் பனி விட்டுப்போன மண்ணும் இருக்கின்றன. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

மண் இருந்தால் மட்டும் ஓங்கல் வந்துவிடாது, வெட்டுவதற்கு ஏரி வேண்டும். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், பனி பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே இரொக்குவா ஏரி என்று இன்று அழைக்கப்படும் பெரிய நீர்நிலை இருந்தது. அதன் பழைய கரை ரொறன்ரோவில் இன்றைய ஏரிக்கு ஐம்பது அறுபது மீட்டர் மேலே கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் காசா லோமா மாளிகை அந்தக் கரைமேட்டில்தான் நிற்கிறது. கிழக்கே பனி அணை விலகியதும் தண்ணீர் மளமளவென்று வடிந்து இன்றைய மட்டத்துக்கும் வெகு கீழே போனது. கரை சில கிலோமீட்டர் தெற்கே விலகியது. அப்படியே இருந்திருந்தால் இங்கே ஓங்கல் இல்லை, சரிவான ஒரு நிலம் மட்டுமே.

பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது. பாரம் அதிகமாக இருந்த வடகிழக்கில் எழுச்சியும் அதிகம். ஏரியின் வடிகால் அந்தப் பக்கம் இருப்பதால், தட்டு ஒன்றைச் சரித்துப் பிடித்த மாதிரித் தண்ணீர் மேற்குக் கரையில் ஏறியது. ஏறிவந்த ஏரி மண்மேட்டின் அடியில் வாய் வைத்தது. அன்றிலிருந்து ஓங்கல் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் இன்று பார்ப்பது அதன் இன்றைய முகம்.

அலை பாதி வேலைதான் செய்கிறது. மீதியை உள்ளேயிருக்கும் தண்ணீர் செய்கிறது. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் மணலுக்குள் தாராளமாக இறங்கும். களி அடுக்கில் முட்டியதும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் வடிந்து முகப்பில் கசியும். ஏப்ரலில் அடிவாரத்தில் நின்று பார்த்தால் சுவரின் நடுவே கறுத்த ஈரக்கோடு ஒன்று நீளமாக ஓடுவது தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே மணல் நிற்கிறது, கோட்டில் மணல் ஊறுகிறது. இரவில் உறைந்து பகலில் இளகும்போது பாளம் பாளமாகக் கழன்று வரும். விளிம்பில் புல்வெளிக்கு நீர் இறைப்பவரும் நீச்சல் குளம் வைத்திருப்பவரும் அந்தக் கோட்டுக்குத் தங்கள் பங்கையும் அனுப்புகிறார்கள். 2020 ஆகஸ்டில் பெரிய துண்டொன்று புழுதி கிளப்பிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியதைப் படகில் இருந்தவர்கள் படம்பிடித்தார்கள். நகரமே அதிர்ச்சியோடு பார்த்தது. ஓங்கல் தன் வழக்கமான வேலையைச் செய்தபோது அருகே கமரா இருந்தது என்பதற்கு மேல் அதில் புதினம் இல்லை.

விழுந்த மண் எங்கே போகிறது? களி கரைந்து ஏரியின் ஆழத்துக்குப் போகும். மணலைக் கிழக்குப் புயலலைகள் கரையோரமாக மேற்கே தள்ளிக்கொண்டு போகும். அப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போய்ச் சேர்ந்த மணல்தான், ரொறன்ரோத் துறைமுகத்தை அணைத்தபடி ஒரு நீண்ட மணல் நாக்காக வளர்ந்தது. 1858 ஏப்ரலில் ஒரு புயல் அந்த நாக்கைக் கிழித்தது. வெட்டு மறுபடி மூடவில்லை. நாக்கு தீவானது. கோடையில் பெரிபோட் ஏறிப் பிள்ளைகளோடு போகும் ரொறன்ரோத் தீவுகள், மணல் கணக்கில் பார்த்தால், ஸ்காபரோவின் ஒரு பழைய பகுதி.

இந்தக் கணக்குக்குச் சாட்சியாக அங்கே ஒரு கட்டடமே நிற்கிறது. ஜிப்ரால்டர் முனையின் கலங்கரை விளக்கத்தை 1808இல் கட்டியபோது அது தண்ணீரிலிருந்து எட்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. இப்போது சுமார் நூறு மீட்டர் உள்ளே, மரங்களுக்கு நடுவில், ஏன் இங்கே நிற்கிறோம் என்று தெரியாத மாதிரி நிற்கிறது. கலங்கரை விளக்கம் நகரவில்லை, ஓங்கல் அனுப்பிய மணல் அதன் முன்னால் வந்து குவிந்தது.

மனிதர் கைவைத்த வரலாறு தொடங்குவது வீடுகளுக்கும் முன்னால். 19ஆம் நூற்றாண்டில் ரொறன்ரோவுக்கு அத்திவாரக் கல்லும் நடைபாதைக் கல்லும் தேவைப்பட்டபோது, பாய்க்கப்பல்காரர்கள் கரையோர ஆழமற்ற நீரில் கொக்கி போட்டுக் கல் அள்ளினார்கள். அலையின் வேகத்தைத் தடுத்துக்கொண்டு அடியில் கிடந்த கல் விரிப்பு அது. கரைக்கு அருகே அள்ளக் கூடாது என்று சட்டம் வந்தும் அள்ளல் தொடர்ந்தது. ஓங்கலின் செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் நகரத்துக்கு அத்திவாரம் போட்டோம் என்று சொல்லலாம்.

1954இல் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்ற பிறகு, ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் கரைகளையும் காக்கும் பொறுப்பு ஒரு பிரதேசப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் போனது. விளிம்பு வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்முற்றத்தை இழந்துகொண்டிருந்தன. அடிவாரத்தில் பாறாங்கல் அடுக்கி, கொங்கிரீட் இடிபாடுகளைக் கொட்டி, அலை தொடாதபடி தடுப்பதே வழி என்று கண்டார்கள். 1970களில் கட்டுமான மண்ணையும் இடிபாட்டையும் ஏரிக்குள் நிரப்பி உருவாக்கியதுதான் பிரிம்லி வீதியின் தெற்கு முனையில் இருக்கும் ப்ளஃபர்ஸ் பூங்கா. படகுத் துறை, மிதக்கும் வீடுகள், புல்வெளி, கார் நிறுத்துமிடம் எல்லாம் முன்பு தண்ணீர் இருந்த இடத்தில் நிற்கின்றன.

இங்கே பூங்காக்காரர்கள் எதிர்பாராத பரிசு ஒன்று கிடைத்தது. மேற்கே போகும் மணலுக்குப் பூங்கா குறுக்கே நின்றதால், அதன் கிழக்குப் பக்கத்தில் மணல் தேங்கி அகன்ற கடற்கரை உண்டானது. சனிக்கிழமை நாம் பாய் விரிக்கும் மணல், போக விட்டிருந்தால் தீவுகளை நோக்கிப் போயிருக்கும். படகு வாய்க்காலிலும் அதே மணல் வந்து அடைத்துக்கொள்கிறது, தூர்வார வேண்டியிருக்கிறது. மீறிப் போகும் மணலுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. 1959இல் தொடங்கி ஏரிக்குள் ஐந்து கிலோமீட்டர் நீள இடிபாட்டு மண்ணால் கட்டிய லெஸ்லி வீதி முனை. சென் லோரன்ஸ் கடல்வழி திறந்ததும் வந்து குவியப்போகும் கப்பல்களுக்கு அலைதாங்கியாகத் திட்டமிட்டது அது. கப்பல்கள் வரவில்லை, நீர்க்காகங்கள் வந்தன. வட அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்க்காகக் குடியிருப்புகளில் ஒன்று இன்று அங்கே. தீவுகளின் தென்மேற்குக் கரையோ, மணல் வரத்துக் குறைந்து தேய்ந்துகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் கரையைக் காத்ததற்கான கூலியை இன்னோரிடம் கொடுக்கிறது.

உடைந்த கட்டடங்களில் குப்பை ஏரிக்குள் போனபோது, அழகான துண்டுகள் சில ஓங்கலின் உச்சியில் ஏறின. கில்ட் பூங்காவை உருவாக்கிய ரோசா, ஸ்பென்சர் கிளார்க் தம்பதி, நகரம் இடித்துத் தள்ளிய பழைய வங்கிகளின் தூண்களையும் வளைவுகளையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரொறன்ரோ வங்கியின் தூண்கள் இப்போது ஒரு கிரேக்க அரங்கமாக நிற்கின்றன. தமிழ்க் கல்யாணச் சோடிகள் படம் எடுக்க அங்கே வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சற்றுத் தள்ளி விளிம்பு என்பதை யாரும் கவனிப்பதில்லை, நல்லதுதான்.

ஓங்கல் சரிவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நிலவியலாளரைவிடக் கரைத் தகைவிலானிடம் கேட்கலாம். மழைக்காலத்தில் நம்மூர் மின்கம்பிகளில் வரிசை கட்டும் தகைவிலானின் சிறிய உறவு. எடை இருபது கிராமுக்குள். மார்பில் குறுக்கே ஒரு மண்ணிறப் பட்டி. தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மே மாதம் இங்கே வந்ததும், ஆண் பறவை நிமிர்ந்த மணற்சுவரில் அலகாலும் காலாலும் சுரங்கம் தோண்டத் தொடங்கும். முழங்கை நீளம், சில வேளை கை நீளம். முடிவில் ஒரு சிற்றறை, அதில் புல்லும் இறகும். பக்கத்திலேயே அடுத்த வளை, அதன் பக்கத்தில் அடுத்தது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சுவர் துளைத்த தோசைக்கல் மாதிரித் தெரியும்.

அதற்கு எந்தச் சுவரும் போதாது. மணலும் வண்டலும் சரியான பதத்தில் கலந்திருக்க வேண்டும். தனி மணலென்றால் வளை இடியும், களியென்றால் அலகு தேயும். முகப்பு நிமிர்ந்து இருக்க வேண்டும், கொஞ்சம் சரிந்தாலும் ரக்கூன் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவர் புதிதாக இருக்க வேண்டும். பழைய வளைகளில் உண்ணியும் தெள்ளும் பெருகும். குளிர்காலத்தில் முகப்பு விழுந்து, வசந்தத்தில் கழுவிய சுவர் கிடைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சுகம். ஆண்டுதோறும் வீட்டை இடித்துத் தரும் வீட்டுக்காரன் வேண்டுமென்று கேட்கும் குடித்தனக்காரர் இவர்.

கனடாவில் இந்தப் பறவையின் தொகை நாற்பது ஆண்டுகளில் 98 வீதம் வீழ்ந்துவிட்டது என்று 2013இல் அந்நாட்டின் அருகிவரும் இனங்களுக்கான நிபுணர் குழு மதிப்பிட்டது. பறக்கும் பூச்சிகள் குறைந்தது, குளிர்காலத்து நாடுகளின் நிலைமை என்று காரணங்கள் பல சேர்ந்திருக்கும். கூடு தோண்டும் சுவர்கள் கல் போர்த்திக்கொண்டதும் அவற்றில் ஒன்று. ஏரிக்கரை ஓங்கல்கள் இதன் முக்கியமான குடியிருப்புகள். அடியில் பாறாங்கல் அடுக்கிய இடத்தில் நடப்பது இதுதான்: அலை வருவதில்லை, மேலிருந்து உதிரும் மண் அடியிலேயே குவிகிறது, சுவர் சரிவாகிறது, சரிவில் முதலில் புல், பிறகு சுமாக், பிறகு மரம். சில பத்தாண்டுகளில் அது காடு பிடித்த ஒரு மேடு. மேடு அழகானதுதான், நரியும் மானும் வரும். ஆனால் அது ஓங்கல் இல்லை, தகைவிலானுக்கு அங்கே வேலையும் இல்லை.

எல்லாம் அடைபட்டதால் பூங்காவில் பறவையே இல்லை என்று சொன்னால் அநியாயம். செயற்கைக் குடாக்கள் குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளுக்கு அடைக்கலம். 1982இல் ஹரி லம்ஸ்டன் தொடங்கிய மீட்பு முயற்சியால் ஒன்ராறியோவுக்குத் திரும்பிய எக்காள அன்னங்கள், இறக்கையில் மஞ்சள் இலக்கத் தகட்டோடு ஜனவரிக் குளிரில் படகுத் துறையில் மிதக்கும். ஆர்ட்டிக்கிலிருந்து வரும் நீள்வால் வாத்துகளும் அங்கே இருக்கும். அந்தக் காட்சிக்காகவே மூன்று அடுக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு போகலாம். இலையுதிர் காலத்தில் கிழக்கு முனையின் ஹைலண்ட் ஓடையில் சமன் மீன் ஏறுவதைப் பார்க்க நம்மவர்கள் குடும்பமாக வருவார்கள். பசிபிக் கடலின் அந்த மீனும் இந்த ஏரிக்கு வந்து குடியேறியதுதான்.

கோடை ஞாயிறுகளில் பிரிம்லி வீதியின் செங்குத்து இறக்கத்தில் கார்கள் மேலே விளக்கடிவரை நிற்கும். கீழே கரி அடுப்புகளில் கோழி வேகும், ஒரு பக்கம் பைலாவும் இன்னொரு பக்கம் இளையராஜாவும் கேட்கும். எல்லார் கையிலும் அலைபேசி, எல்லாப் படத்திலும் பின்னணி அந்த வெள்ளைச் சுவர். வருஷாவருஷம் சிலர் வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போகிறார்கள், அல்லது கீழிருந்து பாதி ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். தீயணைப்புப் படை கயிறு கட்டி இறக்குகிறது. எச்சரிக்கைப் பலகைகள் நிறையவே உண்டு. விளிம்பில் நிற்கும்போது காலுக்கடியில் உறுதியான தரை இருப்பதாகத்தான் தோன்றும். புல்வேர் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு தட்டில் நிற்கிறோம் என்பது பக்கவாட்டிலிருந்து பார்ப்பவனுக்கே தெரியும்.

இத்தனை பேர் படம் எடுக்கும் சுவருக்கு முன்னால் இன்று கடற்கரையும் பூங்காவும் கிடக்கின்றன. அலை முன்போல அடியைத் தொடுவதில்லை. மழையும் உறைபனியும் முகப்பைக் கொஞ்ச காலம் வெள்ளையாக வைத்திருக்கும். அடியில் குவிந்த மண்ணில் இப்போதே இளம் மரங்கள் நிற்கின்றன. ப்ளஃபர்ஸ் பூங்காவிலிருந்து ஈஸ்ட் பாயிண்ட் வரையான சுமார் 11 கிலோமீட்டர் கரைக்குப் பாதையும் பாதுகாப்பும் தரும் திட்டம் ஒன்று அதிகாரசபையிடம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஏரியைத் தொடக்கூடிய பாதை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டை இழக்கும் குடும்பத்திடம் போய் ஓங்கலின் இயல்பைப் பற்றிப் பேசவும் முடியாது. ஆனால் வீடு இல்லாத, குழாய் இல்லாத, விளிம்புக்குப் பின்னால் புல்வெளி மட்டுமே இருக்கிற துண்டுகள் இன்னும் உண்டு. அவற்றையாவது விழ விட வேண்டும். பணம் செலவழித்துச் செய்ய வேண்டியது அங்கே ஒன்றுமில்லை. விளிம்பிலிருந்து பாதையைத் தள்ளிப் போட்டால் போதும், பிறகு தேவைப்பட்டால் இன்னொரு முறை தள்ளிப் போடலாம்.

ஆகஸ்ட் கடைசியில் ஈஸ்ட் பாயிண்ட் பக்கம் போனேன். தகைவிலான்கள் போய்விட்டிருந்தன. முந்திய நாள் மழையில் முகப்பின் ஒரு பாளம் கழன்று விழுந்ததால், பத்துப் பதினைந்து வளைகள் நீளவாட்டில் வெட்டுண்டு, வாய்முதல் சிற்றறைவரை உள்புறம் தெரிய நின்றன. ஓர் அறையில் புல் மெத்தை அப்படியே இருந்தது, அதன் மேல் ஒரு வெள்ளை இறகு. கீழே விழுந்து கிடந்த மண்ணை அலை ஏற்கெனவே பாதி கரைத்துவிட்டது. கலங்கிய நீர் பழுப்புப் பட்டியாகக் கரையை ஒட்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது.